மருந்து கேட்கவில்லையா, மருந்து போகவில்லையா?

"மூணு மாசமா குடுக்கோம், மருந்து கேக்கவே இல்ல." வலிப்புள்ள பிள்ளையோடு ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கிற சொல் இது. அடுத்து நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டோஸ் கூடும், இல்லையென்றால் இரண்டாவதாக ஒரு மருந்து சேரும். அதற்கு முன் அந்த சிரப் பாட்டிலை யாராவது கையில் எடுத்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

கணக்கு லேசானது. 16 கிலோ பிள்ளைக்கு சோடியம் வால்ப்ரோயேட், நாளொன்றுக்கு கிலோவுக்கு 25 மி.கி. வீதம் எழுதினால் 400 மி.கி. ஆகிறது. காலை 200, ராத்திரி 200. நம் கடைகளில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 200 மி.கி. இருக்கும். வேளைக்கு 5 மில்லி, நாளைக்கு 10 மில்லி என்றால் 100 மில்லி பாட்டில் பத்தாம் நாள் ராத்திரியோடு காலியாக வேண்டும். பதின்மூன்றாம் நாள் ராத்திரிதான் காலியானது என்றால் 26 வேளைக்கு 20 வேளை மருந்துதான் உள்ளே போயிருக்கிறது. ஒன்று, ஆறு வேளை விட்டுப்போயிருக்கும். இல்லையென்றால் ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் குறைத்து அளந்திருப்பார்கள். எட்டாம் நாளே தீர்ந்துவிட்டால் அளவு கூடிப் போகிறது, அல்லது பிள்ளை துப்புகிறதென்று மறுபடி மறுபடி ஊற்றுகிறார்கள். பாட்டிலைத் திறக்கிற அன்றே லேபிளில் பேனாவால் தேதி எழுதி வைத்தால் போதும், இந்தக் கணக்கு தானாக வெளியே வந்துவிடும்.

இது நம்மூர்க்காரர்களின் அலட்சியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் சின்சினாட்டியில் புதிதாக வலிப்பு கண்டறியப்பட்ட 124 குழந்தைகளின் மருந்து பாட்டிலுக்கு, திறக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் மின்னணு மூடி போட்டுப் பார்த்தார்கள். 2011-இல் 'ஜாமா' இதழில் வந்த ஆய்வு அது. முதல் ஆறு மாதத்தில் 58 சதவீதம் பிள்ளைகள் ஏதோ ஒரு வகையில் மருந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்கள். மூடியில் கருவி இருக்கிறது என்று தெரிந்த வீடுகளிலேயே நிலைமை அது.

இதை இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியாகக் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால்தான் அதை 'மருந்துக்கு அடங்காத வலிப்பு' என்கிறார்கள். 2010-இல் உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் வகுத்த இலக்கணம் அது. அந்தப் பெயர் விழுந்த பிறகு அடுத்த வாசல் வேறு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்குப் போவார்கள். 1995 முதல் அங்கே வலிப்புக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளையை அங்கே அனுப்பத் தயங்கக் கூடாது. ஆனால் பாதி பாட்டில் மருந்து அலமாரியிலேயே இருக்க, 'அடங்காத' என்ற பெயரை மட்டும் பிள்ளை சுமப்பது அநியாயம்.

அளவில் நடக்கும் தவறுகளைப் பார்ப்போம். வீட்டு டீஸ்பூனை வைத்து மருந்து அளக்கவே கூடாது. ஒரு வீட்டு ஸ்பூனில் 3 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டு ஸ்பூனில் 6 மில்லி. பாட்டிலோடு வரும் மூடிக்கப்பும் 2 மில்லிக்குக் கீழே ஏமாற்றும். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 5 மில்லி, 2 மில்லி சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் வேண்டிய கோட்டின்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் சரியாக எடுத்துவிடுவார். சிரிஞ்ச் நுனியை நாக்கின் நடுவில் வைத்து அழுத்தக் கூடாது, புரையேறும். கன்னத்தின் உள்பக்கம் வைத்து, அரை அரை மில்லியாக, விழுங்க விழுங்கத் தர வேண்டும். எழுத்து அழிந்த சிரிஞ்சைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், மாதம் ஒன்று மாற்றலாம்.

மருந்து மாறும்போதுதான் பெரிய தவறு நடக்கும். வால்ப்ரோயேட்டை நிறுத்தி லெவெடிரசிட்டம் எழுதுகிறார் டாக்டர் என்று வைப்போம். லெவெடிரசிட்டம் சிரப் 1 மில்லிக்கு 100 மி.கி., அதாவது வால்ப்ரோயேட் சிரப்பைவிட இரண்டரை மடங்கு கனம். அதே 16 கிலோ பிள்ளைக்கு நாளொன்றுக்கு கிலோவுக்கு 20 மி.கி. வீதம் இரண்டு வேளையாக ஆரம்பித்தால் வேளைக்கு 160 மி.கி., 1.6 மில்லி. அம்மாவின் கை பழக்கத்தில் 5 மில்லிதான் எடுக்கும். அப்படியானால் 500 மி.கி. உள்ளே போகிறது, மூன்று மடங்கு. பினிடாயினில் இதைவிட மோசம். 5 மில்லிக்கு 30 மி.கி. உள்ளதும் உண்டு, 125 மி.கி. உள்ளதும் உண்டு. கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கை மாறினால், அளவு மாறாமலேயே நான்கு மடங்கு மருந்து போய்விடும். ஆகவே டாக்டர் எத்தனை மில்லி என்று சொன்னதோடு நிறுத்தாமல், எத்தனை மி.கி. என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். கடையில் வாங்கும்போது லேபிளில் '5 மில்லிக்கு எவ்வளவு' என்ற வரியைப் பழைய பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழைய காலிப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோவது நல்ல பழக்கம்.

பினிடாயின் சிரப்புக்கு இன்னொரு குணம் உண்டு. மருந்துத் தூள் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பாதிப் பாட்டிலில் தண்ணீராகப் போகும், அப்போது வலிப்பு வரும். கடைசிப் பாதியில் கெட்டியாகப் போகும், அப்போது பிள்ளை தள்ளாடும், கண் துடிக்கும், வாந்தி எடுக்கும். ஒரே பாட்டிலில் இரண்டு கூத்தும் நடக்கும். டாக்டருக்கோ குழப்பம், குறைவா கூடுதலா என்று. தவிர, பினிடாயின் உடலில் ஓரளவுக்கு மேல் போனால் ஈரல் அதை உடைக்கும் வேகம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் பிறகு டோஸை லேசாகக் கூட்டினாலும் ரத்தத்தில் அளவு எகிறிவிடும். 'கால் மாத்திரை கூட்டிக் கொடுப்போமே' என்று வீட்டில் முடிவெடுக்கவே கூடாத மருந்து இது.

எடையும் கணக்கில் வர வேண்டும். 10 கிலோ இருந்தபோது 250 மி.கி. எழுதினது 14 கிலோ ஆன பிறகும் அப்படியே போனால், கிலோவுக்கு 25 என்பது 18 ஆகக் குறைந்திருக்கும். மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை, ஆனால் பிள்ளை டோஸைத் தாண்டி வளர்ந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, சீட்டின் ஓரத்தில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.

இனி நேரம். நம் மாவட்டத்தில் காலை மருந்து தவறுவதற்கும் வீட்டுத் தொழிலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன்னே போயாக வேண்டும். தாயும் தகப்பனும் தோட்டத்தில் நிற்கும்போதுதான் பிள்ளை எழும்பும். அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிற அம்மைமாருக்கும் காலை என்பது ஓட்டம்தான். தூத்தூர், சின்னத்துறை பக்கம் தகப்பன் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வீட்டில் ஒற்றைக் கை. இப்படிப்பட்ட வீட்டில் 'காலை 8, இரவு 8' என்று எழுதிக் கொடுத்தால் அது சீட்டில் மட்டும் இருக்கும். நாளைக்கு இரண்டு வேளை மருந்துக்கு வேண்டியது ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேர இடைவெளி, கடிகாரத்தின் முள் அல்ல. பால்வெட்டிவிட்டு அம்மா திரும்புவது காலை ஒன்பதரைக்கு என்றால் காலை ஒன்பதரை, ராத்திரி ஒன்பதரை என்றே வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மத்தியான டோஸ் பள்ளிக்கூடத்தில் வருகிறதென்றால், இரண்டு வேளையாக மாற்ற வழி உண்டா என்றும் கேளுங்கள். பல மருந்துகளில் வழி உண்டு.

இரண்டு கைகள் இருக்கிற வீட்டில் வேறு தொல்லை.

"எம்மா, பிள்ளைக்கு மருந்து குடுத்தியா?"

"இல்ல மாமி, நீங்க குடுத்திருப்பீங்கன்னுல்லா நெனச்சேன்."

இந்தப் பேச்சு மறுபக்கமும் திரும்பும், இருவருமே கொடுத்திருப்பார்கள். காலண்டர் தாளில் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு அதன் குறுக்கே ஒரு கோடு. ராத்திரி படுக்கும்போது அந்தத் தேதியில் பெருக்கல் குறி விழுந்திருக்க வேண்டும். போன் அலாரத்தைவிட இதுதான் நிலைக்கிறது. அலாரம் அடிக்கும், அணைப்போம், மறப்போம். காலண்டரில் குறி விழுந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கலாம்.

வேளை தவறிப்போனால் என்ன செய்வது? இரண்டு வேளை மருந்துக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி மருந்து பன்னிரண்டுக்குள் நினைவு வந்தால் கொடுத்துவிடலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளையை வழக்கம்போல் தர வேண்டும். தினம் ஒரு வேளை மட்டுமே உள்ள மருந்து என்றால் பன்னிரண்டு மணி நேரம் வரை தரலாம். எந்தக் காரணத்துக்கும் இரண்டு டோஸைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. குடித்த அரை மணிக்குள் முழுக்க வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை மறுபடி தரலாம், அரை மணி கடந்திருந்தால் வேண்டாம். ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை வாந்தியில் போகிறதென்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தை ஊசி வழியே தர வேண்டி வரலாம்.

தவறவிட்ட வேளையின் பலன் எப்போது தெரியும் என்பது மருந்துக்கு மருந்து வேறு. லெவெடிரசிட்டம் பிள்ளைகளின் ரத்தத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஒரு வேளை போனாலே இடைவெளி விழும். பினோபார்பிடோன் பாதியாக இரண்டு மூன்று நாளாகும். அதனால்தான் 'நாலு நாள் குடுக்கல்ல, ஒண்ணும் ஆகல்லியே' என்று தைரியம் வரும். அந்த தைரியத்தை நம்பி முழுக்க நிறுத்தினால், வாரக் கடைசியில் நிற்காத வலிப்போடு 108-இல் ஏற்ற வேண்டி வரும். லாமோட்ரிஜின் இன்னொரு ரகம். தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸிலேயே மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. முதல்நாள் போலச் சிறிய அளவிலிருந்து ஏற வேண்டும், இல்லையென்றால் தோலில் பெரிய ஒவ்வாமை வரலாம். விட்டுப்போனதை டாக்டரிடம் மறைத்தால் இங்கேதான் ஆபத்து.

ஆனால் மறதியால் விடுவதைவிட, தெரிந்தே விடுவது அதிகம் என்பது என் எண்ணம். மருந்து குடித்த பிள்ளை மாறிப்போவதைப் பார்த்துப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் அளவைக் குறைப்பார்கள். அந்தப் பெற்றோரை அதட்டி ஒரு பயனும் இல்லை. அவர்கள் கண்டது உண்மைதான். கண்டதை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

பினோபார்பிடோன் விலை மலிவு, பழைய மருந்து, தினம் ஒரு வேளை போதும். பெரியவர்களுக்குத் தூக்கம் தரும் இதே மருந்து, சில பிள்ளைகளை ஒரு இடத்தில் உட்கார விடாமல் துள்ள வைக்கும். 'மருந்து குடிச்ச பிறகு பேய் பிடிச்ச மாதிரி' என்பார்கள். வகுப்பில் கவனம் குறையும், மார்க் இறங்கும். இது பிள்ளையின் சேட்டை அல்ல, மருந்தின் வேலை. வேறு மருந்துக்கு மாற்றினால் அடங்கிவிடும்.

லெவெடிரசிட்டம் கொடுத்தால் சிடுசிடுப்பு. முதல் சில வாரங்களில் எடுத்ததற்கெல்லாம் அழுகை, அடி, பொருளை வீசுதல். எல்லாப் பிள்ளைக்கும் வராது. வந்தால், என்றைக்கு ஆரம்பித்தது, டோஸ் கூட்டிய எத்தனையாவது நாள் என்று குறித்து வையுங்கள். வகுப்பு டீச்சரிடமும் கேளுங்கள், வீட்டைவிடப் பள்ளியில்தான் முதலில் தெரியும். சில டாக்டர்கள் வைட்டமின் பி6 சேர்த்துப் பார்ப்பார்கள், சிலர் டோஸைக் குறைப்பார்கள், சிலர் மருந்தையே மாற்றுவார்கள். பெரிய பிள்ளை 'செத்துப் போகலாம் போல இருக்கு' என்று பேச ஆரம்பித்தால் அடுத்த செக்கப் வரை பொறுக்கக் கூடாது.

வால்ப்ரோயேட் வயிற்றைக் கிளறும், பசியையும் கிளப்பும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் குமட்டல் பாதியாகும். பசி கூடி எடை ஏறுவதற்கு மருந்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, நாலு மணிக்கு நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைக் கையில் கொடுப்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைக்கும், சிலருக்குச் சுருண்டு முளைக்கும். விரல் நடுங்கி எழுத்து கோணலாகும். இவையெல்லாம் அடுத்த ஓ.பி.யில் பேச வேண்டியவை. அன்றைக்கே ஓட வேண்டியவை வேறு. பிள்ளை சாப்பிட மறுத்து, மறுபடி மறுபடி வாந்தி எடுத்து, அசந்து அசந்து கிடந்தால், அதோடு வலிப்பும் கூடினால், ஈரலையோ ரத்தத்தில் அமோனியாவையோ மருந்து பாதித்திருக்கலாம். இரண்டு வயதுக்குள்ளும், கூட வேறு வலிப்பு மருந்து போகும்போதும் இந்த ஆபத்து அதிகம். தாங்க முடியாத வயிற்றுவலி கணைய வீக்கமாக இருக்கலாம். காரணமில்லாத கன்றல், நிற்காத மூக்கு ரத்தம் என்றால் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருக்கலாம். சாதாரண வைரல் காய்ச்சல் என்று இரண்டு நாள் கஷாயத்தில் ஓட்டாதீர்கள்.

மருந்தை மெல்ல மெல்ல விடும் வால்ப்ரோயேட்டின் நீட்டித்த வகை மாத்திரையில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்து வயிற்றில் கரைந்து போன பிறகு வெறும் கூடு மலத்தில் முழு மாத்திரை போலவே வரும். 'மாத்திரை அப்படியே வெளிய வருது' என்று பயந்து இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் போதும். அந்த வகையைப் பொடிக்கவும் கூடாது, பொடித்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வர வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கும்.

பெண்பிள்ளை வளர்ந்து பன்னிரண்டு பதின்மூன்று ஆகும்போது வால்ப்ரோயேட் பற்றித் தனியாக ஒரு பேச்சு வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த மருந்து போனால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறையும், பத்தில் மூன்று நான்கு பேருக்கு அறிவு வளர்ச்சியில் பாதிப்பும் வருகிறது. மாற்ற முடிந்தவர்களுக்கு அவசரமில்லாமல் மாற்ற இந்த வயதே தோது. கல்யாணம் நிச்சயமான பிறகு பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்துவதுதான் இங்கே நடக்கிறது, அதற்குப் பெண் கொடுக்கும் விலை பெரிது. வலிப்பைத் திருமணத்தை ரத்து செய்யக் காரணமாகக் காட்டும் பகுதி 1999-இலேயே இந்து திருமணச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்பதைச் சொந்தக்காரர்களுக்கும் சொல்லி வைக்கலாம்.

கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், பினிடாயின், லாமோட்ரிஜின், பினோபார்பிடோன் இவற்றில் எதை ஆரம்பித்தாலும் முதல் இரண்டு மாதம் தோலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வேர்க்குரு மாதிரிதான் ஆரம்பிக்கும். கூடவே காய்ச்சல், கண் சிவப்பு, உதட்டிலோ வாய்க்குள்ளோ புண் என்றால் அடுத்த வேளை மருந்துக்கு முன்பே டாக்டர் பார்த்தாக வேண்டும், ராத்திரி ஆனாலும் சரி. 'சூட்டுக் கொப்பளம்' என்று வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருக்கும் இரண்டு நாளில் தோல் உரியத் தொடங்கிவிடும். அபூர்வம்தான். ஆனால் அபூர்வம் என்பதாலேயே கை நழுவிப்போகும்.

டோபிரமேட் போகிற பிள்ளைக்கு வேர்வை குறையலாம். பங்குனி சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு உடம்பு கொதித்து, தோல் உலர்ந்திருந்தால் காய்ச்சல் மருந்து வேலை செய்யாது. நிழலும் ஈரத் துணியும் தண்ணீரும்தான் வேண்டும். தண்ணீர் நிறையக் குடிப்பது சிறுநீரகக் கல்லையும் தடுக்கும். பினிடாயினில் ஈறு தடிக்கும், இரண்டு வேளை பல் தேய்த்தால் அது மட்டுப்படும். சிரப் பலவற்றில் சர்க்கரை உண்டு என்பதால் ராத்திரி மருந்துக்குப் பிறகு வாயைக் கொப்பளிக்க வைப்பது எல்லா மருந்துக்கும் பொருந்தும்.

மாத்திரையை விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு, பொடிக்கக்கூடிய மாத்திரையாக இருந்தால், ஒரு துண்டு மட்டி வாழைப்பழத்தில் பிசைந்து கொடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பழம் அது. இங்கே பிள்ளைக்கு முதலில் ஊட்டும் பழமும் அதுவே, மருந்தின் கசப்பை அதன் மணம் மூடிவிடும். ஒரே ஒரு ஸ்பூன் அளவில்தான் பிசைய வேண்டும். ஒரு டம்ளர் பாலில் கலந்தால் பாதி டம்ளரோடு பிள்ளை ஓடிவிடும், எத்தனை மி.கி. போனது என்று கடவுளுக்கே தெரியாது.

வைக்கிற இடமும் முக்கியம். இரண்டு மழைக்காலமும் கடல்காற்றும் உள்ள ஊர் நம்முடையது. உப்பு ஜாடியே கசிகிற வீட்டில் மாத்திரை என்ன பாடுபடும்? கார்பமசெபின் மாத்திரை ஈரம் பிடித்தால் கெட்டிப்பட்டு, வயிற்றில் சரியாகக் கரையாது. வீரியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. அட்டையிலிருந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே பிதுக்கி டப்பாவில் போட்டு வைப்பது, அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைப்பது, குளியலறை ஜன்னலில் வைப்பது மூன்றும் வேண்டாம். அட்டையோடு, இறுக மூடும் டப்பாவில், படுக்கையறை அலமாரியில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சளிக்காலத்தில் வேறு கவனம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் வீடுகளில் சாதாரணம். கற்பூரம் வலிப்பைத் தூண்டும் பொருள். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், யூகலிப்டஸ் தைலமும் அப்படியே. மருந்து சரியாகப் போயும் மழைக்காலத்தில் மட்டும் வலிப்பு வருகிற பிள்ளை என்றால் தைலக் குப்பியை ஒருமுறை சந்தேகப்படுங்கள். கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பில் டைபென்ஹைட்ரமின் இருந்தால் அதுவும் வேண்டாம். கார்பமசெபின் குடிக்கும் பிள்ளைக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் சேர்ந்தால் சில நாளில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, வாந்தி வரும். ரத்தத்தில் கார்பமசெபின் ஏறிவிடுவதுதான் காரணம். இதற்கு நேர் எதிரானது வால்ப்ரோயேட்டும் மெரோபெனமும். நிமோனியாவுக்கு ஐ.சி.யு.வில் சேர்த்து மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் ஓரிரு நாளில் வால்ப்ரோயேட் அளவு தரைமட்டமாகும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்த நோய்க்குப் போனாலும், வலிப்பு மருந்துச் சீட்டை முதலில் மேசையில் வையுங்கள்.

சித்தமும் வர்மமும் வேரூன்றிய மாவட்டம் இது. ஆசானிடம் போகாதே என்று சொன்னால் மறைத்துக்கொண்டு போவார்கள், அது இன்னும் கெடுதல். போவதானால் இரண்டு நிபந்தனை. ஆங்கில மருந்தை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். பெயர் சொல்லாத பொடியை வாங்கக் கூடாது. வட இந்தியாவில் மூலிகை என்று விற்ற வலிப்புப் பொடிகளில் பினோபார்பிடோன் கலந்திருந்தது சோதனையில் வெளிவந்திருக்கிறது. அந்தப் பொடி 'கேட்கும்', ஏன் கேட்காது! எவ்வளவு போகிறது என்று தெரியாமல் போகும், திடீரென்று நிறுத்தும்போது பிள்ளை விழும்.

ஸ்டாக் தீர்வது இன்னொரு பெரிய ஓட்டை. திருவனந்தபுரத்தில் எழுதிய பிராண்ட் இங்கே எல்லாக் கடையிலும் இருக்காது. சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்கினால் கடைக்காரர் தடுமாற மாட்டார். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மருந்துக்கு மாறுவதில் தவறில்லை. மாறிய முதல் இரண்டு வாரம் காலண்டரில் கூடுதல் கவனம் வைத்தால் போதும். மாதாமாதம் பிராண்டை மாற்றிக்கொண்டிருப்பதுதான் கூடாது. ஏழு நாள் மருந்து எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்க வேண்டும், கடைசிப் பாட்டிலைத் திறக்கும் நாள்தான் அடுத்ததை வாங்கும் நாள். க்ளோனாசிபம், மிடாசோலம் போன்றவை சீட்டில்லாமல் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அலைய வேண்டி வரும்.

திருவிழாக் காலம் தனி. கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி நாட்கள், மண்டைக்காட்டுக் கொடை, சொந்தத்தில் கல்யாண வீடு. உறக்கம் கெடும், மருந்தும் பையில் வராது. வந்தாலும் நாலு பேர் முன்னால் எடுக்கக் கூச்சம். உறக்கமின்மை மட்டுமே வலிப்பைக் கிளப்பப் போதும், அதோடு ஒரு வேளை மருந்தும் போனால் சொல்லவே வேண்டாம். ராத்திரி டோஸை வீட்டிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். சன்னி, காக்கா வலிப்பு என்று என்ன பெயர் சொன்னாலும், ஒளித்து வைத்தால் வீட்டுக்கு வெளியே தர வேண்டிய வேளைகள்தான் முதலில் தவறும்.

மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று இருக்க வேண்டும். அளவு கிலோவுக்கு 0.2 மி.கி. 15 கிலோ பிள்ளைக்கு 3 மி.கி. ஆகிறது. இங்கேயும் லேபிளைப் பாருங்கள். ஒரு அழுத்துக்கு 0.5 மி.கி. வருவதும் உண்டு, 1.25 மி.கி. வருவதும் உண்டு. முதல் வகையில் ஆறு அழுத்து, இரண்டு மூக்கிலும் மும்மூன்று. இரண்டாவது வகையில் எத்தனை என்று டாக்டரே எழுதித் தரட்டும், பாட்டில்மேல் ஒட்டி வையுங்கள். புதுப் பாட்டிலை முதலில் காற்றில் சில தடவை அழுத்தி, புகைபோல மருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். வலிப்பு தொடங்கியதும் மணி பாருங்கள், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரும்புச் சாவியும் வேண்டாம், வாயில் தண்ணீரும் மருந்தும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஸ்பிரே, கூடவே 108.

எல்லாம் சரியாகப் போய் இரண்டு வருடம் வலிப்பே இல்லாமல் இருந்தால், பல பிள்ளைகளுக்கு மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரே பேச்சை எடுப்பார். குறைப்பது மாதக்கணக்கில் நடக்கும். பினோபார்பிடோனும் க்ளோபசாமும் இன்னும் மெதுவாக இறங்க வேண்டியவை. இரண்டு மருந்து இருந்தால் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. எந்தத் தேதியிலிருந்து எத்தனை மில்லி என்று முழு அட்டவணையும் எழுதி வாங்கி, அதே காலண்டரில் ஏற்றுங்கள். குறைத்த அளவுக்குத் தக்கபடி சிரிஞ்சில் பிளாஸ்திரியையும் கீழே இறக்கி ஒட்ட வேண்டும். ஸ்பிரே பாட்டிலின் காலாவதித் தேதியையும் அன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இரண்டு வருடமாகத் தொடாமல் கிடந்திருக்கும், தேவைப்பட்டால் இந்த மாதங்களில்தான் தேவைப்படும்.